பத்து மாத முன்பணம் கேட்டால் கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் பட்டுக்கோட்டையில் வசிக்கிறோம். தஞ்சாவூரில் பொறியியல் படிக்கும் என் மகள், தோழியர் இருவருடன் வல்லம் பகுதியில் ஃபிளாட் எடுக்கவிருக்கிறாள். வாடகை 9,000 ரூபாய். முன்பணம் பத்து மாத வாடகை. தரகருக்கு ஒரு மாத வாடகை. முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதல் மாத வாடகையையும் சேர்த்தால், பால் காய்ச்சும் முன்பே உங்கள் கையை விட்டு 1,08,000 ரூபாய் போய்விடுகிறது. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. உங்களுக்கு அது 27,000 ரூபாய்.

ஆனால் அதே பிரிவு, 'வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்றுதான் தொடங்குகிறது. அதாவது, பத்து மாதம் தருவதாக நீங்களே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டால், பிறகு மூன்று மாத வரம்பைக் காட்டி வாதாடுவது கடினம். கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டதைப் போன்ற சட்டம் இது. ஆகவே பேரம் முழுவதும் கையெழுத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

தரகர் விஷயத்தில்தான் எனக்கு அதிகக் கவலை. கல்லூரி திறக்கும் பருவத்தில், "இன்றைக்கே பணம் கட்டாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்" என்று அவசரப்படுத்துவது அவர்கள் வழக்கம். சிலர் மாணவர்களிடம் பெருந்தொகையைப் போக்கியமாக, அதாவது மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாக, வாங்கிக்கொண்டு, உரிமையாளருக்கு மாத வாடகை மட்டும் கொடுத்துவந்து, ஒரு நாள் காணாமல் போகிறார்கள். உரிமையாளர் வந்து கேட்கும்போதுதான் உண்மை தெரியும். சொத்துவரி ரசீதிலும் மின் இணைப்பிலும் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்; அவரை நேரில் சந்தித்து, பணத்தை அவருடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். பதினொரு மாத ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். இச்சட்டப்படி அதையும் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் முறையிடலாம்தான், ஆனால் நெல் கொள்முதல் நிலையத் தகராறு முதல் வெள்ள நிவாரணம் வரை எல்லாவற்றையும் வருவாய்த் துறையின் தலையில் கட்டிய அரசு, இதையும் துணை ஆட்சியர் நிலையிலுள்ள ஓர் அதிகாரியிடமே ஒப்படைத்திருக்கிறது, உங்கள் மனு எப்போது அவர் கைக்குப் போகும் என்பது வேறு கதை. எனவே குடியேறும் நாளிலேயே சுவர், குழாய், கழிப்பறை அனைத்தையும் படம் எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வெள்ளையடிப்பதற்கு எவ்வளவு பிடிப்பார், மின்சாரம் யூனிட்டுக்கு என்ன விலை என்பவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.