ஒரு நிமிடம் மூச்சை எண்ணச் சொல்லுங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.எஸ்சி நர்சிங் மூன்றாம் ஆண்டு. படிப்பு முடிந்ததும் இங்கே ஓரிரு வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்து போக ஆசைப்படுகிறாள். "அங்கே சின்னத் தப்பு செய்தாலும் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள்" என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னதிலிருந்து உங்களுக்குத் தூக்கம் இல்லை.

உறவுக்காரர் சொன்னதில் பாதிதான் சரி. என்.எச்.எஸ் என்பது 1948-ல் தொடங்கிய பிரிட்டன் அரசு மருத்துவ சேவை. அதன் மருத்துவமனைகள் வேலை கொடுக்கும். ஆனால் நர்ஸாக வேலை செய்யும் உரிமையைக் கொடுப்பதும் எடுப்பதும் என்.எம்.சி என்ற நர்சிங் கவுன்சில். (நம் ஊர் என்.எம்.சி டாக்டர்களுக்கானது, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) அந்தக் கவுன்சிலின் பதிவேட்டில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருடத்தில் புகாருக்கு ஆளாவது நூற்றில் ஒருவர்கூட இல்லை. புகார் வந்தவர் பெயரையெல்லாம் நீக்குவதும் இல்லை. கைதவறி நடந்ததை உடனே சொல்லி, இனி எப்படிக் கவனமாக இருப்பேன் என்று காட்டுகிறவருக்குப் பெரும்பாலும் வழி இருக்கிறது. மறைத்தவருக்கும் பொய்யாக எழுதி வைத்தவருக்கும்தான் திண்டாட்டம்.

இதற்கெல்லாம் அடிப்படை 'தி கோட்' என்ற நடத்தை விதித் தொகுப்பு. 2015-ல் நடைமுறைக்கு வந்தது, 2018-ல் திருத்தினார்கள். நான்கு தலைப்பு, 25 விதி, சில பக்கங்கள்தான். மகள் ஒரே ராத்திரியில் மனப்பாடம் செய்துவிடுவாள். என் கவலையே அதுதான். நம் இந்திய நர்சிங் கவுன்சிலுக்கும் நடத்தை விதிகள் உண்டு. அதையும் தேர்வுக்கு மனப்பாடம் செய்து எழுதிவிட்டுத்தானே வார்டுக்குப் போகிறார்கள்?

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் சொன்னதைக் கேளுங்கள். பயிற்சிக்குப் போன மருத்துவமனையில் விடியற்காலை முப்பது படுக்கைக்கும் சார்ட் எழுத வேண்டும். காய்ச்சல், நாடித்துடிப்பு, பிரஷர் மூன்றையும் பார்த்தாகிவிட்டது. நிமிடத்துக்கு மூச்சு எத்தனை என்று எண்ண யாருக்கும் நேரம் இல்லை. "எல்லாருக்கும் 20 போடு" என்றாராம் டியூட்டி சிஸ்டர். முப்பது பேருக்கும் 20. அந்தப் பெண்ணுக்கு அது பழகிவிட்டது. இங்கே பல வார்டுகளில் நடப்பதுதான், அந்த சிஸ்டர் ஒருவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இங்கிலாந்தில் இந்த 20-தான் ஆளைச் சாய்க்கும். நோயாளியின் உடல்நிலை மோசமாவதைக் கண்டுபிடிக்க அங்கே நியூஸ்-2 என்று ஒரு புள்ளிக் கணக்கு உண்டு. மூச்சு, ஆக்சிஜன் அளவு, பிரஷர், நாடி, நினைவு, உடல்சூடு எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்ட வேண்டும். மூச்சு 12-லிருந்து 20 வரை என்றால் புள்ளி பூஜ்யம். 21 முதல் 24 வரை 2. 25-ஐத் தொட்டாலே 3. ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்தால்கூட டாக்டர் வந்து பார்க்க வேண்டும். மொத்தம் 5 என்றால் அவசரம், 7 என்றால் அதிஅவசரம். மூச்சு 26 ஓடுகிற நோயாளிக்கு 20 என்று எழுதினால் எச்சரிக்கை மணி அடிக்கவே அடிக்காது. உடம்பு மோசமாவதை முதலில் காட்டுவது பெரும்பாலும் இந்த மூச்சுதான். கோடில் பத்தாவது விதி பதிவேடு பற்றியது. நடந்த உடனே எழுது, நேரம் போடு, உன் பெயரை எழுது, பொய்யாக எழுதாதே. அடுத்தவர் பொய்யாக எழுதியது தெரிந்தால் சும்மா இருக்கவும் கூடாது.

இவ்வளவு கறாருக்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் பல வருடம் நோயாளிகள் கவனிப்பாரின்றிக் கிடந்ததை விசாரித்து ராபர்ட் பிரான்சிஸ் என்ற வழக்கறிஞர் 2013-ல் அறிக்கை கொடுத்தார், 290 பரிந்துரைகளோடு. சொல்லத் துணிந்தவர்கள் சிலர் இருந்தும் கேட்க ஆளில்லாமல் போன கதை அது. தவறு நடந்தால் நோயாளியிடம் மருத்துவமனை உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அடுத்த வருடமே சட்டம் வந்தது. நம் பிள்ளைகளுக்குக் கஷ்டமே இங்கேதான். சீனியரை எதிர்த்துப் பேசாதே என்றுதானே வளர்த்திருக்கிறோம்? டாக்டர் எழுதிய டோஸ் சந்தேகமாக இருந்தால் மருந்தைக் கொடுக்காமல் நிறுத்திக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு இல்லை, நர்ஸின் வேலை.

இன்னொன்று, நோயாளியிடம் பேசும் விதம். நம் ஊரில் விஷயத்தை வராந்தாவில் நிற்கும் மூத்த மகனிடம் சொல்வோம், படுத்திருப்பவருக்குக் கடைசியில்தான் தெரியும். அங்கே சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய நோயாளி சம்மதிக்காமல் மகனிடம்கூடச் சொல்லக் கூடாது. தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். கேட் கிரேஞ்சர் என்ற டாக்டர் புற்றுநோயாளியாகப் படுக்கையில் கிடந்தபோது, தன்னைக் கவனித்தவர்கள் பெயர்கூடச் சொல்லாமல் போனதைப் பார்த்து 2013-ல் 'ஹலோ, மை நேம் இஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அந்த ஒரு வரி இன்று செய்முறைத் தேர்வு வரை வந்துவிட்டது.

அந்தக் கவுன்சிலில் பதிவு பெறத் தேர்வு இரண்டு. முதலாவது கணினியில் எழுதும் சி.பி.டி, இங்கிருந்தே எழுதலாம். இரண்டாவது ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு, இங்கிலாந்து போய்த்தான் எழுத வேண்டும். பத்து நிலையங்கள், அதாவது பத்துப் பகுதிகள். மருந்து கொடுக்கும் நிலையத்தில் அலர்ஜி உண்டா என்று கேட்காமல் மாத்திரையை நீட்டித் தோற்றவர்கள் உண்டு. அறிவில் குறை இல்லை, இங்கே யாரும் தினமும் கேட்டுப் பழக்கவில்லை, அவ்வளவுதான். ஆங்கிலத்துக்குத் தனியாக ஓ.இ.டி அல்லது ஐ.இ.எல்.டி.எஸ் என்ற மொழித் தேர்வு. ஐ.இ.எல்.டி.எஸ் என்றால் எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். ஆறு மாதமாவது ஒதுக்கச் சொல்லுங்கள்.

பதிவு கிடைத்த பிறகும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 450 மணி நேரப் பணி, 35 மணி நேரப் படிப்பு, தன் அனுபவத்தைப் பற்றித் தானே எழுதிய ஐந்து குறிப்புகள். சிலருக்கு இந்தக் குறிப்பு எழுதுவதுதான் பெரிய பாடு. உங்கள் மகளை இப்போதே ஒரு நோட்டு வைக்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு பக்கம், தமிழில் எழுதினாலும் சரி.

அப்புறம், கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த ஏஜெண்ட் விஷயம். முன்பணம் கட்டாதீர்கள். வேலை வாங்கித் தருவதற்கு நர்ஸிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டன் அரசின் ஆளெடுப்பு நெறிமுறை. சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். 2024-லிருந்து இங்கிலாந்தில் வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பது குறைந்திருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். மகள் தயாராவதற்குள் நிலைமை மாறலாம், மாறாமலும் போகலாம். வீட்டை அடகு வைக்கும் பேச்சே வேண்டாம்.

வார விடுமுறைக்கு மகள் வீட்டுக்கு வருவாள் அல்லவா? உங்களை உட்காரவைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் உங்கள் மூச்சை எண்ணச் சொல்லுங்கள். எண்ணுவதை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் மூச்சு மாறிவிடும், நாடி பிடிப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டே எண்ண வேண்டும். அது அவளுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். அடுத்த முறை அவளையும் கூட்டி வாருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் வந்தால் இங்கே கூட்டம் இருக்காது, நிதானமாகப் பேசலாம்.