பழந்துணியும் ஆக்கர் கடைப் பெட்டியும்: குமரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அம்மையின் கல்யாணப் பட்டு ரொம்ப வருடமாக அலமாரியில் மடித்தபடியே இருக்கிறது. ஆறு வயது மகளுக்குப் பாவாடை சட்டை தைக்கலாம் என்று கொண்டுபோனேன். "துணி தாங்காது, போட்ட அன்றே விடும்" என்று தையல்காரர் திருப்பித் தந்துவிட்டார். உண்மைதானா?
– வாசகி, தக்கலை

பதில்: பாதி உண்மை. பழைய பட்டு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நைந்துபோவதில்லை. முதலில் போவது மடிப்புக் கோடு, அடுத்தது கொசுவம் வைக்கும் இடம், பிறகு ஃபால்ஸ் அடித்த ஓரம். முந்தானையும் உள்ளே சொருகும் முனையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சேலையை முழுதாக விரித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மடிப்பில் வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தால் அந்த இடம் போய்விட்டது என்று வையுங்கள். தெரியாத இடத்தில் இரண்டு கட்டைவிரலையும் ஓர் அங்குல இடைவெளியில் வைத்து, நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சன்னமாக ஒரு 'சர்' சத்தம் கேட்டால் அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு ஒதுக்கிவிடுங்கள். மிச்சம் இருப்பதை வைத்துத்தான் கணக்கு.

பாவாடைக்கு பார்டரை அடியில் வைத்து, பார்டர் நீளவாக்கில் இரண்டேகால் மீட்டர் எடுங்கள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 26 அங்குலம் என்றால், தையலுக்கு 1 அங்குலமும், குழந்தை வளர்ந்தால் பிரித்துவிட ஓர் அங்குல டக் (மடித்துத் தைக்கும் மடிப்பு) இரண்டுக்கு, துணி இரட்டையாக மடிவதால், 4 அங்குலமும் சேர்த்து 31 அங்குல உயரம் வெட்டுங்கள். டக்கை அழுத்தித் தேய்க்க வேண்டாம். அழுத்தித் தேய்த்தால், நாளை பிரிக்கும்போது அந்தக் கோட்டிலேயே துணி விடும்.

பட்டு தனியாக எடையைத் தாங்கக்கூடாது. மெல்லிய மல் துணியைத் தண்ணீரில் நனைத்து, சுருங்க விட்டு, காயவைத்து, பட்டுக்கு அடியில் அதே அளவில் வெட்டுங்கள். இரண்டையும் நாலு அங்குலக் கட்டங்களாகக் கையால் ஓட்டுத் தையல் போட்டு, ஒரே துணியாக நினைத்துத் தையுங்கள். இடுப்புப் பட்டி புதுப் பருத்தித் துணியில்தான் வேண்டும். மெஷினில் 11ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 3 மில்லிமீட்டர். பொடித் தையல் போட்டால் ஊசித் துளைகள் நெருங்கி, தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்து வரும். உங்கள் தையல்காரர் பயந்தது இதைத்தான். ஃபியூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் பசைத் துணி) ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் முழுத் துணிக்கும் சம்மதிக்காதீர்கள். பசை ஏறிய இடம் விறைத்து, விறைப்பு முடியும் ஓரத்தில் புதுக் கிழிசல் ஆரம்பிக்கும்.

சட்டையை இந்தப் பட்டில் வெட்டவே வேண்டாம். அக்குளும் முதுகும் இழுபடும், வியர்வை படும்; பழைய பட்டு அதைத் தாங்காது. பொருத்தமான நிறத்தில் புதுத்துணி வாங்கி, மேல் பார்டரில் மிஞ்சியதைக் கைக்கும் கழுத்துக்கும் வைத்தால் ஜோடி அமைந்துவிடும். தேய்ப்பது எப்போதும் உள்பக்கம், மேலே ஒரு மல் துணி போட்டு. தண்ணீர் தெளித்தால் திட்டு விழும்.

கேள்வி: தோட்டத்துக்கு உடுத்திய டபிள் வேட்டிகள் நிறைய கிடக்கின்றன. ரப்பர் பாலும் வாழைக் கறையும் போகவே இல்லை. சாயம் போட்டு மெத்தை விரிப்பும் தலையணை உறையும் ஆக்க முடியுமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: முடியும். ஆனால் இந்த இரண்டு கறையும் சாயத்தில் இரண்டு விதமாக நடக்கும். ரப்பர் பால் நூலுக்குள் உறைந்து படலமாக நிற்கிறது, அங்கே சாயம் ஏறாது. வெளுத்த திட்டாகத் தெரியும். வாழைக் கறை நூலிலேயே ஏறிய நிறம். சாயத்துக்கு அடியிலிருந்து கருப்பாக எட்டிப் பார்க்கும். அதனால் வெளிர் நிறம் எடுக்காதீர்கள். கருநீலம் அல்லது அடர் காப்பி நிறத்தில், அங்கங்கே நூலால் இறுக்கிக் கட்டிச் சாயமிட்டால் கறையும் கட்டுக் கோலத்தோடு கலந்துவிடும். ரப்பர் பால் கெட்டியாகப் பிடித்த இடங்களை வெட்டி எறிவதே மேல்.

பருத்திக்கு வேண்டியது ரியாக்டிவ் சாயம். உலர்ந்த துணி 500 கிராமுக்குக் கணக்கு இது: தண்ணீர் 10 லிட்டர், சாயத்தூள் அடர் நிறத்துக்கு 20 கிராம், கல்லுப்பு 500 கிராம், சலவைச் சோடா பொடியாக இருந்தால் 80 கிராம். கடையில் கண்ணாடிக் கற்கள் மாதிரி படிகமாகத் தந்தால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், 200 கிராம் போடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: சோடா குறைந்தால் சாயம் நூலைப் பிடிக்காது, முதல் அலசலிலேயே ஓடிவிடும். ஆப்ப சோடா இதற்கு ஆகாது.

முதலில் வேட்டியின் கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் போக, கொஞ்சம் சோடாவும் சோப்பும் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்து அலசுங்கள். கை பொறுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் உப்பையும் சாயத்தையும் கரைத்து, ஈரத் துணியைப் போட்டு 20 நிமிடம் புரட்டிக்கொண்டே இருங்கள். துணியை ஒதுக்கிப் பிடித்து, தனியே கரைத்த சோடாவை மூன்று தடவையாக ஊற்றுங்கள். துணிமேல் நேராகக் கொட்டினால் திட்டுத்திட்டாகும். இன்னும் ஒரு மணி நேரம் இடையிடையே புரட்டி, பச்சைத் தண்ணீரில் அலசி, கடைசியில் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் 10 நிமிடம். இந்தக் கடைசிக் கொதியை விட்டுவிட்டால் தலையணை உறையின் சாயம் தலைமாட்டு விரிப்பில் இறங்கும். கடலோரக் கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்புமாக இருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துச் செய்யுங்கள். பாத்திரம் சில்வரோ பிளாஸ்டிக்கோ இருக்கலாம். அலுமினியத்தைச் சோடா அரிக்கும். சாயத்தூளைக் கையாளும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள், சாயம் போட்ட பாத்திரம் மறுபடி அடுக்களைக்குப் போகக்கூடாது. கழிவு நீரில் உப்பும் காரமும் இருப்பதால் வாழை மூட்டில் ஊற்ற வேண்டாம்.

டெரிகாட்டன் வேட்டி இந்தச் சாயத்தை அரைகுறையாகத்தான் வாங்கும். பாலியெஸ்டர் நூலில் ஓரம் அடித்திருந்தால் அந்தத் தையல் வெள்ளையாகவே நிற்கும்.

கறையில்லாத வேட்டிகளுக்கு வேறு வழியும் உண்டு. ஆசாரிப் பட்டறையில் பலா மரத்து வைரத்தின் (நடுக்கட்டையின்) அறுப்புத் தூள் கேட்டு வாங்குங்கள். 500 கிராம் துணியைக் கடுக்காய்ப் பொடி 100 கிராம் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, பிழிந்து, படிகாரம் 75 கிராம் கரைத்த சூடான நீரில் ஒரு மணி நேரம் போட்டெடுங்கள். அரைக் கிலோ பலாத்தூளைத் துணி மூட்டையாகக் கட்டி ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, அந்தச் சாற்றில் துணியை இன்னொரு மணி நேரம் காய்ச்சினால் அருமையான பொன்மஞ்சள் வரும். இரும்புச் சட்டி மட்டும் ஆகாது, மஞ்சள் மங்கிப் பாசி நிறத்துக்குப் போய்விடும். தோவாளைச் சந்தையில் மிஞ்சும் கேந்திப் பூவும் (செண்டுமல்லி) இதே முறையில் மஞ்சள் தரும். நேர் வெயில் விழும் ஜன்னலுக்கு இரண்டுமே வேண்டாம்.

கேள்வி: சந்தையில் குவித்து விற்கும் பழைய ஆண்கள் சட்டைகளில் நல்லதை எப்படிப் பொறுக்குவது? குழந்தை ஃபிராக் தைக்க வேண்டும்.
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: காலரைப் பார்க்காதீர்கள், அது எப்படியும் வெட்டுப்படும். அக்குளைப் பாருங்கள். அங்கே துணி மஞ்சளாகி விறைத்திருந்தால் கீழே வையுங்கள். அடுத்து, உள்தையலில் தொங்கும் நூலை விட்டுவிட்டு, துணியிலிருந்தே ஓர் இழை உருவி, வெளியே வந்து தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகி உருண்டையானால் பாலியெஸ்டர். நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் குழந்தைக்கு வேண்டாம். அடி வளைந்த சட்டையைவிட நேராக வெட்டிய சட்டையை எடுங்கள், அடி மடிப்பு தயாராகக் கிடைக்கும்.

மார்பு 48 அங்குலச் சட்டை, நாலு வயதுக்குத் தாராளம். அடியிலிருந்து மேலே 15 அங்குலம் சுற்றிலும் வெட்டினால் அதுவே பாவாடைப் பாகம். பட்டன் பட்டி முதுகுப் பக்கம் வரட்டும். இரண்டு முழுக்கையையும் பிரித்து விரித்தால் ஒன்றில் மேல்பாகத்தின் முன்பக்கம், மற்றதில் பின்பக்கம் கிடைக்கும். பின்பக்கத்தை இரண்டாக வெட்டி, சட்டையின் மேல்பாதியில் மிஞ்சிய பட்டன் பட்டியை அதில் வைத்துத் தைத்து, கீழே உள்ள பட்டியோடு நேர் சேருங்கள்.

வாங்கிய துணியை வீட்டு அழுக்குக் கூடையில் போடாதீர்கள். கவரிலிருந்து நேராக 60 டிகிரி சூட்டு வெந்நீருக்குப் போகட்டும். மூட்டைப்பூச்சியும் முட்டையும் தையல் மடிப்புகளில்தான் இருக்கும். காய்ந்தபின் தையல்களின்மேல் சூடான இஸ்திரியை மெதுவாக ஓட்டுங்கள். வெட்டுவது அதற்குப் பிறகுதான். சுருங்குவதும் முதலிலேயே முடிந்துவிடும்.

கேள்வி: பழைய நூல் சேலைகளைப் பின்னிக் கால்மிதி செய்தேன். நடுவில் குழிந்து கிண்ணம்போல ஆகிறது. வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் பால் பூசலாமா?
– வாசகி, அருமனை

பதில்: வளைவில் இழுத்துக் கட்டியதால் வந்த குழி அது. வெளிவரிசை உள்வரிசையைவிட நீளமாக இருக்க வேண்டும் அல்லவா? நேர்ப் பக்கத்தில் கண்ணுக்குக் கண் (பின்னலின் வளையத்துக்கு வளையம்) கோர்க்கலாம். வளைவில் இடையிடையே உள்வரிசையின் ஒரு கண்ணுக்கு வெளிவரிசையின் இரண்டு கண்களைச் சேர்த்துக் கோருங்கள். அதிகமாகச் சேர்த்தால் ஓரம் அலை அலையாக எழும்பும், அப்போது ஒன்றிரண்டைக் குறையுங்கள். மடியில் வைத்துக் கோர்க்காதீர்கள், மேஜையிலோ தரையிலோ விரித்தே கோர்க்க வேண்டும். மடியின் வளைவு அப்படியே மிதியில் வந்துவிடும்.

மூன்றடிக்கு இரண்டடி மிதி வேண்டுமென்றால் நடுப் பின்னல் 12 அங்குலம். நீளத்தில் அகலத்தைக் கழித்தால் வருவது. துணிக் கீற்று இரண்டரை அங்குல அகலம், ஓரம் உள்ளே மடிந்திருக்கட்டும். மூன்று கீற்றும் வெவ்வேறு நீளத்தில் இருந்தால் ஒட்டு ஓரிடத்தில் விழாது. பின்னும்போது நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். இந்த அளவுக்கு நாலு சேலை வரை பிடிக்கும்.

மரத்திலிருந்து எடுத்த பால் பூச வேண்டாம். அம்மோனியா கலக்காவிட்டால் கொஞ்ச நேரத்தில் திரிந்து கட்டியாகும்; காய்ந்தபின் வெயிலில் பிசுபிசுத்து, தரையில் ஒட்டும். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய லேடெக்ஸ் கிடைத்தால் இரண்டு மெல்லிய பூச்சு போதும், ஒன்று காய்ந்தபின் அடுத்தது. கீற்றில் செம்பு ஜரிகை கலந்திருந்தால் அங்கே ரப்பர் சீக்கிரம் கெடும். ஜரிகையை முன்பே வெட்டி எடுங்கள்.

கேள்வி: பழைய ஜீன்ஸில் பை தைக்கும்போது ஊசி ஒடிகிறது.
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: 16ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலை 3.5 மில்லிமீட்டருக்கு வையுங்கள். தடித்த தையல்கள் சந்திக்கும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் படியவைத்து, பிரஷர் ஃபுட்டின் பின்னால் அதே உயரத்துக்கு மடித்த துணி கொடுங்கள். ஃபுட் சாய்வதால்தான் ஊசி வளைந்து ஒடிகிறது. அந்த இடத்தில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஸ்ட்ரெச் ஜீன்ஸில் பை வேண்டாம், அரிசி ஏற்றினால் தொங்கிவிடும்.

கேள்வி: ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடையில்) வாங்கிய தகரப் பெட்டிக்குப் பெயின்ட் அடித்து மேலே மெத்தை வைத்து இருக்கையாக்கினேன். ஒரு மழைக்காலத்துக்குள் பெயின்ட் கொப்பளித்துவிட்டது.
– வாசகர், குளச்சல்

பதில்: துருவுக்குள் உப்பு இருந்திருக்கிறது. கடற்காற்று பட்ட இரும்பைத் தேய்த்தால் மட்டும் போதாது. கம்பி பிரஷால் துருவைக் கிளறி, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து, வெயிலில் சுடச்சுடக் காயவைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடியுங்கள். ஓர் இரவு விட்டால் காற்றின் ஈரத்தில் துரு திரும்பிவிடும். அடிப்பாகத்துக்கும் மடிப்பு ஓரத்துக்கும் இரண்டு கோட். அதன்மேல் எனாமல்.

இப்போது பழைய பெயின்டை நீக்கும்போது உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு ஈயம் என்று கண்ணால் சொல்ல முடியாது. வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, சேற்றைத் துணியால் வழித்துக் கவரில் கட்டிப் போடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

மெத்தையைப் பெட்டி மூடியில் ஒட்டாமல், நாலு மூலையிலும் நாடா வைத்துக் கட்டுங்கள். ஒட்டினால் அடியில் ஈரம் தங்கி, துருவும் பூஞ்சையும் சேர்ந்து வரும்.

கேள்வி: கசவு நேரியலில் (ஜரிகை ஓரம் வைத்த மேல்துணியில்) ஜன்னல் திரை தைத்தேன். ஜரிகை கறுத்துவிட்டது. மீட்க முடியுமா?
– வாசகி, மணவாளக்குறிச்சி

பதில்: செம்புக் கம்பிமேல் பூசிய ஜரிகையாக இருந்தால் பழைய நிறம் திரும்பாது, புளியும் எலுமிச்சையும் தேய்த்தால் பூச்சுதான் போகும். திரைக்கு நேரியல் எடுக்கும்போது ஓர் ஜரிகை இழையைச் சுட்டுப் பாருங்கள். சுருண்டு உருகினால் பிளாஸ்டிக் ஜரிகை. கடற்காற்றில் கறுக்காது, சூடான இஸ்திரி மட்டும் ஆகாது. உங்களிடம் இருக்கும் திரையில் கசவை வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓரத்தில் பழைய சாரத்தின் (லுங்கியின்) கட்டம் போட்ட துணியை நாலு அங்குலப் பட்டியாக வையுங்கள். சாரத்தை முதலில் தனியே நனைத்துச் சாயம் விடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.