கிருபையால்தான் இரட்சிப்பு என்றால், ஆவிக்குரிய வளர்ச்சிக்கு நாம் ஏன் பாடுபட வேண்டும்?

கேள்வி நியாயமானது. இரட்சிப்பு இலவசம், நம் தகுதியைப் பார்க்காமல் தேவன் தரும் தயவு, அதாவது கிருபை என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள், அடுத்த வாரமே உபவாசம், வேதவாசிப்பு, அதிகாலை ஜெபம் என்று பட்டியல் நீட்டுகிறார்கள், இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபையில் செல் குரூப் என்கிற சிறு குழு ஒன்றை நடத்துகிறேன். இதே கேள்வி அங்கே பல விதங்களில் என்னிடம் வந்திருக்கிறது.

என் பதில் இதுதான்: பாடுபட வேண்டும் என்கிற ஆசையும், அதற்கான பலமும் கிருபையிலிருந்துதான் வருகின்றன. அப்போஸ்தலன் பவுல் 1 கொரிந்தியர் 15:10-இல் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். "அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்" என்கிறார். உடனே, "ஆகிலும் நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே அப்படிச் செய்தது" என்கிறார். தன் உழைப்பை அவர் மறைக்கவும் இல்லை, கணக்கில் வரவு வைத்துக்கொள்ளவும் இல்லை. பிலிப்பியர் 2:12-13-லும் இதே வரிசைதான். பிரயாசப்படுங்கள் என்று சொல்லிவிட்டு, ஏனென்றால் விருப்பத்தையும் செய்கையையும் உங்களுக்குள் உண்டாக்குகிறவர் தேவனே என்று காரணம் தருகிறார்.

இது நமக்குப் புரிய ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? நாம் வாழும் ஊரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பிள்ளைக்கு 12 வயதானால் பிஎஸ்எல்இ என்கிற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. வேலைக்குப் போனால் வருடாவருடம் மதிப்பீடு, அதைப் பொறுத்து போனஸ். இந்த ஊர் அப்படித்தான் முன்னேறியது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அதே பழக்கத்தோடு ஜெபத்துக்கும் உட்காருகிறோம். வேதம் வாசித்த வாரம் தைரியமாக ஜெபிக்கிறோம். வாசிக்காத வாரம் ஆண்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார் என்று தள்ளி நிற்கிறோம்.

எங்கள் குரூப்புக்கு ஒரு தம்பி வருவார். கப்பல் பட்டறையில் வேலை, தொழிலாளர்கள் தங்கும் டார்மிட்டரியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் போட்டுவிட்டால் ஆராதனைக்கு வர முடியாது. அறையில் பலர் இருப்பதால் தனியாக முழங்கால்படியிட இடமும் கிடையாது. "அண்ணே, இந்த மாசம் ஒண்ணுமே பண்ணல. ஆண்டவர்கிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?" என்றார். எபிரெயர் 4:16-ஐ எடுத்து வாசித்தோம். ஏற்ற சமயத்தில் உதவி செய்கிற கிருபையை அடைய, தைரியமாய்க் கிருபாசனத்தண்டைக்கு, அதாவது தேவனுடைய கிருபையின் சிங்காசனத்துக்குப் பக்கத்தில் வரச் சொல்கிறது அந்த வசனம். உதவி தேவைப்படுகிற நிலையில்தான் வரச் சொல்கிறது என்பதை அவர் திரும்பத் திரும்ப வாசித்தார். அப்புறம் பஸ்ஸில் வேலைக்குப் போகும் நேரத்தில் ஒரு சங்கீதம் வாசிக்க ஆரம்பித்தார். பயத்தால் வராத ஒழுங்கு அன்பால் வந்தது.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் போதகர் ஜான் வெஸ்லி ஞாபகம் வருவார். மெதடிஸ்ட் மிஷன் 1885-இல் சிங்கப்பூருக்கு வந்தது. ஷார்ட் ஸ்திரீட்டில் இருக்கிற தமிழ் மெதடிஸ்ட் சபையும் அந்த வழியில் வந்ததுதான். ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்திலேயே வெஸ்லி உபவாசம், அடிக்கடி திருவிருந்து (கிறிஸ்துவை நினைத்து அப்பமும் ரசமும் பகிர்வது), சிறைக் கைதிகளைச் சந்திப்பது என்று கண்டிப்பாக வாழ்ந்தவர். ஆனாலும் மனசுக்குள் நிச்சயம் இல்லை. 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில்தான், கிறிஸ்து தன் பாவங்களையும் சுமந்து தீர்த்தார் என்ற நிச்சயம் அவருக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு உபவாசத்தை விட்டாரா? விடவில்லை. சிறைக்குப் போவதை நிறுத்தினாரா? அதுவும் இல்லை. செய்த காரியங்கள் பெரும்பாலும் அதேதான். ஏற்றுக்கொள்ளப்படுவதற்காகச் செய்தவர், ஏற்றுக்கொள்ளப்பட்டவராகச் செய்தார்.

சில காலத்திலேயே உங்கள் கேள்வி அவர் முன்னாலும் வந்து நின்றது. லண்டனில் ஃபெட்டர் லேன் என்ற இடத்தில் கூடிய குழுவில் சிலர், முழு விசுவாசம் வரும்வரை ஜெபம், வேதவாசிப்பு, திருவிருந்து எதுவும் வேண்டாம், சும்மா அமர்ந்து காத்திருங்கள் என்று போதித்தார்கள். கிருபைக்கு மரியாதை செய்வதாகவே அவர்கள் நினைத்தார்கள். வெஸ்லி அதை ஏற்கவில்லை. 1740-இல் அந்தக் குழுவை விட்டு வெளியேறினார். ஜெபமும் வேதமும் திருவிருந்தும் தேவன் தம் கிருபையைத் தருவதற்குத் தாமே ஏற்படுத்திய வழிகள், அவற்றில் காத்திருப்பதுதான் சரியான காத்திருப்பு என்பது அவர் வாதம். எனக்கு இதில் முழுச் சம்மதம்.

கிருபை இருக்கிறதே, எப்படியும் வாழலாம் என்கிறவர்களுக்கு ரோமர் 6-ஆம் அதிகாரமே போதும்; கிருபை பெருகுவதற்காகப் பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்று கேட்டு, கூடாது என்கிறது. தீத்து 2:11-12-ஐயும் பாருங்கள். அவபக்தியை வெறுத்துத் தெளிந்த புத்தியோடு வாழக் கற்றுக்கொடுப்பதே கிருபைதான் என்கிறது.

வளர்கிறோமா என்று எப்படித் தெரியும்? எத்தனை அதிகாரம் வாசித்தோம் என்பதைவிட, தவறிப்போன இன்னொருவரிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதை நான் கவனிப்பேன். கிருபையை ருசித்தவருக்கு அடுத்தவர்மேல் பொறுமை வரும். வராவிட்டால், நம்முடைய ஒழுங்கெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று ஜெபத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, தகுதியான பிறகு திருவிருந்துக்குப் போகலாம் என்று தள்ளிப்போடுகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 1 கொரிந்தியர் 11:28-ஐ மெதுவாக வாசியுங்கள். தன்னைத்தானே சோதித்தறியச் சொல்கிறார் பவுல். அதை அடுத்து "இந்த அப்பத்தில் புசித்து" என்றுதான் வருகிறது, விலகியிரு என்று வரவில்லை. மறைக்காமல் பாவத்தை அறிக்கையிடுங்கள், ஒப்புரவாக வேண்டியவர் இருந்தால் அவருக்கு ஒரு போன் செய்யுங்கள், உங்கள் சபையில் அடுத்து திருவிருந்து நடக்கும் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பங்கெடுங்கள்.