எட்ரஸ்கர்களின் வீடு – கடிதம்

அன்புள்ள சார்,

போன மாதம் குடும்பத்தோடு ரோம் போயிருந்தோம். கொலோசியம், பாந்தியன் எல்லாம் பார்த்து வாய்பிளந்து நின்றோம். கடைசி நாள், நீங்கள் முன்பு எழுதியிருந்ததை நம்பி வில்லா ஜூலியா அருங்காட்சியகத்துக்குப் போனோம். உண்மையைச் சொன்னால் எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. என் மனைவிதான் ஒரு இடத்தைவிட்டு நகராமல் நின்றாள். அங்கே இருப்பதெல்லாம் கல்லறையில் எடுத்தவை. ரோமானியர்கள் தலையெடுப்பதற்கு முன்பே இத்தாலியில் செழித்திருந்த இந்த எட்ரஸ்கர்கள் எந்நேரமும் சாவையே நினைத்துக்கொண்டிருந்த ஜனங்களா? அவர்கள் மொழியும் யாருக்கும் படிக்கத் தெரியாதாம். ரோமானியர்கள் கட்டியதுபோல நிற்கிற ஒரு கட்டடம்கூட இல்லையே, பிறகு இவர்களுக்கு என்ன இவ்வளவு பெருமை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் காலக்கணக்கைச் சரிசெய்துகொள்வோம். நீங்கள் வாய்பிளந்த பாந்தியன் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்தது. வில்லா ஜூலியாவின் பேர்போன சிற்பங்கள் கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நடுவே 600 வருஷத்துக்கு மேல் இருக்கிறது. பாட்டியையும் பேத்தியையும் ஓட்டப்பந்தயத்துக்கு விட்டு பாட்டி தோற்றுவிட்டாள் என்கிறீர்கள்.

அந்த ஆறாம் நூற்றாண்டில் ரோமில் பெரிய வேலை என்றால் கபிடோலின் குன்றின்மேல் கட்டிய ஜூபிடர் கோயில்தான். அதைக் கட்ட எட்ரஸ்கர் நாட்டிலிருந்து தொழிலாளர்களை வரவழைத்தார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். உள்ளே இருந்த ஜூபிடர் சிலை சுடுமண், அதைச் செய்தவர் வெயி என்ற எட்ரஸ்கர் நகரத்துச் சிற்பி வுல்கா என்கிறார் இன்னொரு ரோமானிய எழுத்தாளரான பிளினி, திருவிழா நாட்களில் அந்தச் சாமி முகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசுவார்களாம். அப்படிச் சாமி செய்துகொடுத்த ஊரைத்தான் கி.மு. 396இல் ரோமானியர்கள் பிடித்து அழித்தார்கள். சரி, அது வேறு கதை.

கட்டடம் நிற்காததற்குக் காரணம் எளிது. எட்ரஸ்கர்கள் அடித்தளத்தைத்தான் கல்லில் போட்டார்கள். அதற்கு மேலே சுவர் பச்சைச் செங்கல், தூணும் உத்தரமும் மரம், கூரை ஓடுகளும் அதன்மேல் நின்ற தெய்வங்களும் சுடுமண். வில்லா ஜூலியாவில் ஒரு அப்பல்லோ சிரித்துக்கொண்டே நடந்து வருவாரே, அவர் வெயி கோயிலின் கூரை முகட்டில் நின்றவர். மரம் மக்கியது, மண் கரைந்தது. கல்லைக் குடைந்த இடம் மட்டும் தப்பியது, அது கல்லறை. செத்தவர்களின் வீடு மட்டும் மிஞ்சியதால் சாவையே நினைத்தவர்கள் என்று சொல்வது, பீரோவில் மிஞ்சிய பட்டுப்புடவையைப் பார்த்து அந்தக் காலத்தில் எல்லாரும் தினமும் பட்டுதான் கட்டினார்கள் என்று சொல்வதைப் போல.

அடுத்த முறை போனால் ரோமிலிருந்து ரயில் பிடித்து, பழைய எட்ரஸ்கர் ஊரான செர்வெத்தேரிக்குப் போங்கள். பந்திதாச்சா என்று ஒரு இடம், எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மிருதுவான கல்லைக் குடைந்து செய்த இடுகாடு, ஆனால் உள்ளே நுழைந்தால் ஊருக்குள் வந்தது போலத்தான் இருக்கும். தெருக்கள் உண்டு, தெருவில் வண்டிச் சக்கரம் பதிந்த தடம் உண்டு, ஒரு தெருவில் வரிசை வீடுகள்போல ஒட்டி ஒட்டிக் கல்லறைகள். நான் போனபோது கூட்டமே இல்லை, ஒரு மேட்டின்மேல் புல்லில் பூனை ஒன்று படுத்திருந்தது. படியிறங்கி உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன், கூரையில் உத்தரம் ஓடுகிறது! மலையைக் குடைந்த அறைக்கு உத்தரம் எதற்கு? எதையும் தாங்குவதற்கு அல்ல, வீட்டில் இருந்ததால் இங்கேயும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர்களுடைய மரவீடு எப்படி இருந்தது என்று இன்று நமக்குத் தெரிவதற்கு இந்தக் கல் உத்தரங்கள் ஒரு முக்கியக் காரணம்.

அங்கேயே ‘புடைப்புச் சிற்பங்களின் கல்லறை’ என்று ஒன்று, கி.மு. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் குடைந்தது. கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்றுதான் பார்க்க விடுகிறார்கள். தூண் முழுக்கச் சாந்தில் செய்து வண்ணம் பூசிய வீட்டுச் சாமான்கள், ஆணியில் மாட்டி வைத்ததுபோலவே: கத்தி, குடுவை, கயிற்றுச் சுருள், விளையாட்டுப் பலகை, கீழே ஒரு நாய். மாடங்களில் சிவப்புத் தலையணைகள். நடுக்கட்டிலின் பக்கத்தில், காலையில் எழுந்ததும் மாட்டிக்கொள்ளத் தோதாக, ஒரு ஜோடி செருப்பு. எனக்கு அந்தச் செருப்புதான் இன்னும் மனதில் நிற்கிறது.

மொழி விஷயம். படிக்கத் தெரியாது என்பது தவறு. எழுத்து கிரேக்கத்திலிருந்து வந்தது, பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதினார்கள், எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம். பொருள்தான் சிக்கல், ஏனென்றால் லத்தீனோடோ கிரேக்கத்தோடோ உறவில்லாத மொழி, கிடைத்த வாசகங்களில் பெரும்பாலானவை இன்னார் மகன் இன்னார் என்கிற ரகம். அதிலும் ருசியான சங்கதிகள் உண்டு. ‘க்ளான்’ என்றால் மகன், ‘புயா’ என்றால் மனைவி. அப்புறம் பெண்களுக்குச் சொந்தப் பெயர் இருந்தது, ராம்தா, தான்க்வில் என்று. ரோமில் ஜூலியஸ் குலத்தில் பிறந்தால் அக்காவும் ஜூலியா, தங்கையும் ஜூலியா, பெரியவள் சின்னவள் என்று அடைமொழி வைத்துக் கூப்பிட வேண்டியதுதான்.

உங்கள் மனைவி நகராமல் நின்ற இடம் எது என்று நீங்கள் எழுதவில்லை, நானாக ஊகிக்கிறேன். கி.மு. 520 வாக்கில் செய்த அந்தச் சுடுமண் தம்பதி, ஒரே மஞ்சத்தில் சாய்ந்து விருந்துண்கிறவர்கள், இல்லையா? செர்வெத்தேரியில் நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கிடைத்ததை ஒட்டி எடுத்தார்கள். கிரேக்க விருந்துகளில் மனைவிக்கு இடமே கிடையாது. இங்கே அவன் கை அவள் தோளில் இருக்கிறது, இருவரும் நம்மிடம் ஏதோ சொல்லவருவதுபோலக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவன் வெறுங்கால், அவளுக்கு மட்டும் முனை கூர்ந்த காலணி. நான் அந்தக் கைகளை அரைமணி நேரம் பார்த்திருக்கிறேன்.

இதுதானா, அல்லது வேறு ஏதாவதா என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள்.