ஞாயிறு மாலை ஜொகூர் பாலம் வேண்டாம்

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறோம். நான், கணவர், 5 வயது மகன், 67 வயது மாமியார். செவ்வாய்க்கிழமை காலை சென்னையிலிருந்து போய் இறங்குகிறோம். மூன்று நாள் சிங்கப்பூர் பார்த்துவிட்டு, வெள்ளி மாலை பஸ்ஸில் கோலாலம்பூர். சனிக்கிழமை பத்துமலை. ஞாயிறு மதியம் அங்கிருந்து பஸ் ஏறி, அன்றிரவு 11 மணிக்குச் சாங்கியில் சென்னை விமானம். போய்வந்த உறவினர்கள் எல்லையில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றோம் என்று பயமுறுத்துகிறார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி. எங்கள் திட்டம் சரியாக வருமா? என்னென்ன காகிதம் தேவை?

- வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் உறவினர்கள் மிகைப்படுத்தவில்லை அம்மா. ஆனால் அந்த மூன்று மணி நேரம் எல்லா நாளும் எல்லா நேரமும் வருவதில்லை. வெள்ளி மாலை சிங்கப்பூரிலிருந்து வெளியே போவதும், ஞாயிறு மாலை உள்ளே வருவதும்தான், சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தையும் இணைக்கும் ஜொகூர் பாலத்துக்கு வாரத்திலேயே மோசமான நேரங்கள். நீங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறீர்கள். போதாக்குறைக்கு, அன்றிரவே விமானம் வேறு.

உட்லண்ட்ஸ் கடற்பாலம் என்றும் சொல்லும் அந்தப் பாலம் 1924-இல் திறந்தது, சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம். மேற்கே துவாஸிலிருந்து போகும் இரண்டாவது பாலம் 1998-இல் வந்தது. தரைவழியாகப் போக இந்த இரண்டைத் தவிர வேறு வழி கிடையாது. உட்லண்ட்ஸ் வழியே மட்டும் ஒரு நாளில் மூன்று லட்சம் பேருக்கு மேல் கடக்கிறார்கள். அதில் பெரும்பங்கு ஜொகூரில் குடியிருந்துகொண்டு சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள். அதனால் வார நாட்களில் விடியற்காலை 5 மணியிலிருந்து 8 மணி வரை சிங்கப்பூருக்குள் நுழையும் பக்கம் நெரியும்; மாலை 5 முதல் 8 வரை வெளியேறும் பக்கம். வார இறுதியில் கதை மாறும். சிங்கப்பூர்க்காரர்கள் மலிவாகச் சாமான் வாங்கவும் சாப்பிடவும் வெள்ளி மாலையும் சனி காலையும் ஜொகூருக்குக் கிளம்பி, ஞாயிறு மாலை மொத்தமாகத் திரும்புவார்கள். பள்ளி விடுமுறை இருக்கும் ஜூன், டிசம்பர் மாதங்களிலும் நீண்ட வார இறுதிகளிலும் இது இன்னும் கூடும். பஸ்ஸுக்குத் தனித் தடம் இருக்கிறது என்று சொல்வார்கள். இருக்கிறதுதான். பாலத்தின் மேலேயே நெரிசல் நின்றுவிட்டால் அந்தத் தடத்தால் என்ன பயன்?

ஆகவே நாட்களை மட்டும் இடம் மாற்றுங்கள். செவ்வாய் இரவு சிங்கப்பூரில் தங்கிவிட்டு, புதன் காலை 10 மணி வாக்கில் கோலாலம்பூர் பஸ் பிடியுங்கள். வேலைக்குப் போகும் கூட்டம் அதற்குள் ஓய்ந்திருக்கும். சுமார் 350 கிலோமீட்டர், நெரிசல் இல்லாவிட்டால் 5 முதல் 6 மணி நேரம். வியாழன் முழுக்கப் பத்துமலைக்கு. வெள்ளி காலை 8 மணிக்குக் கோலாலம்பூரின் டிபிஎஸ் பேருந்து முனையத்தில் ஏறினால், மதியம் ஒரு மணி சுமாருக்கு எல்லைக்கு வந்துவிடுவீர்கள். அந்த நேரத்தில் உள்ளே வரும் பக்கம் காலியாக இல்லாவிட்டாலும் தாங்கும். இரண்டு நாட்டுச் சோதனையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மீதி வெள்ளி, சனி, ஞாயிறு சிங்கப்பூரில் நிதானமாகச் சுற்றலாம். விமான டிக்கெட்டைத் தொட வேண்டியதில்லை. ஹோட்டல் முன்பதிவில் தேதிகளை மட்டும் மாற்றினால் போதும்.

தேதி மாற்றவே முடியாது என்றால், ஞாயிறு அன்று கோலாலம்பூரிலிருந்தே நேராகச் சென்னைக்குப் பறந்துவிடுங்கள். போய்வரும் டிக்கெட்டின் கடைசிப் பகுதியைப் பயன்படுத்தாவிட்டால் அந்தப் பணம்தான் போகும். முதல் பகுதியை விட்டால்தான் மீதியும் ரத்தாகும். நான்கு பேருக்குப் புதிய டிக்கெட் செலவுதான். ஆனாலும் விமானத்தைத் தவறவிட்டு இரவோடு இரவாகச் சாங்கியில் நான்கு டிக்கெட் வாங்குவதைவிட அது குறைவாகவே இருக்கும்.

இனி காகிதங்கள். பாலத்தில் கால் இடறுவது பெரும்பாலும் இங்கேதான்.

சிங்கப்பூர் விசாவைக் கையில் எடுத்து, பல முறை நுழையும் விசா என்று அதில் போட்டிருக்கிறதா பாருங்கள். இந்தியர்களுக்கு வழக்கமாக அப்படித்தான் வரும். ஒரு முறை மட்டும் என்றிருந்தால் மலேசியா போனபின் திரும்பி உள்ளே வர முடியாது. மலேசியாவுக்கு இப்போது விசா வேண்டாம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு, 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். இரண்டு நாடுகளுக்குமே பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட்டுக்குக் காலம் குறைவு, மகனுடையதை முதலில் பாருங்கள்.

விசாவைத் தவிர, சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவுக்கு எம்டிஏசி என்ற மின்னணு வருகை அட்டை. இரண்டும் இணையத்தில், இரண்டும் இலவசம். கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். சிங்கப்பூரின் அரசுத் தள முகவரி ஜிஓவி டாட் எஸ்ஜி என்று முடியும், மலேசியாவினுடையது ஜிஓவி டாட் எம்ஒய். தேடினால் மேலே முதலில் வரும் விளம்பரத் தளங்கள் பல இதே அட்டைக்கு டாலர் கணக்கில் பிடுங்குகின்றன.

சிங்கப்பூர் அட்டை ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனி. செவ்வாய்க்குப் போட்டது வெள்ளிக்குச் செல்லாது. வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அதை நிரப்ப முடியும் என்பதால், இரண்டாவது அட்டையைச் சென்னையிலிருந்தே போட்டுவைக்கவும் வழியில்லை. புதன் இரவு கோலாலம்பூர் ஹோட்டல் வைஃபையில் உட்கார்ந்து போட்டுவிடுங்கள். மறந்துபோகிறவர்கள் எல்லையில் வரிசையை விட்டு விலகி, சுவரோரம் நின்று, செல்பேசியில் டேட்டா இல்லாமல் நான்கு பேருக்கும் தட்டச்சு செய்துகொண்டிருப்பார்கள். அதற்குள் பஸ் போயிருக்கும். முதல் அட்டையையும் மலேசிய அட்டையையும் திங்கட்கிழமை வீட்டிலேயே முடித்துவிடலாம். சிங்கப்பூர் அட்டையில் குடும்பம் முழுவதையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். மலேசியாவுக்கு மகன் உட்பட ஒவ்வொருவருக்கும் ஒன்று போடுங்கள்.

நிரப்பும்போது கவனிக்க வேண்டியவை: இரண்டாவது அட்டையில் பயண வழி 'தரைவழி', வாகனம் 'பஸ்', சிங்கப்பூருக்கு முன் கடைசி ஊர் கோலாலம்பூர், அடுத்த ஊர் சென்னை. முதல் அட்டையைப் பார்த்து அப்படியே எழுதினால் விமான எண்ணைப் போட்டுவிடுவீர்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. நம் ஊர் பாஸ்போர்ட்டுகளில் பலருக்குக் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். முழுப்பெயரும் மற்றொரு கட்டத்தில். அட்டையிலும் அதே எழுத்து, அதே வரிசை. தகப்பனார் பெயரை நீங்களாகச் சேர்க்க வேண்டாம். பாஸ்போர்ட் எண் ஓர் ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கங்களும் கொண்டது. பூஜ்யத்துக்குப் பதில் ஓ போட்டால் இயந்திரம் உங்களை அடையாளம் காணாது. மின்னஞ்சலையும் இரண்டு முறை பாருங்கள். சிங்கப்பூர் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம், எந்தத் தேதிக்குள் கிளம்ப வேண்டும் என்பது மின்னஞ்சலில்தான் வரும். விசாவில் உள்ள கடைசித் தேதி வேறு, இந்தத் தேதி வேறு. கட்டுப்படுத்துவது மின்னஞ்சலில் வருவதுதான்.

மலேசியா இதற்கு நேர்மாறு. முத்திரை குத்துவார்கள், இரண்டு ஆள்காட்டி விரல் ரேகையும் எடுப்பார்கள். கவுண்டரை விட்டு நகருமுன் நான்கு பாஸ்போர்ட்டையும் திறந்து, முத்திரை விழுந்திருக்கிறதா, தேதி சரியா என்று பாருங்கள். நுழைவு முத்திரை இல்லாவிட்டால் வெளியேறும்போது கேள்வி உங்களிடம்தான் வரும். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் முன்பதிவு இரண்டையும் காகிதத்தில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமலும் போகலாம். கேட்டால் செல்பேசியில் தேடிக்கொண்டிருக்கும் நேரம் உங்கள் பஸ்ஸின் நேரம்.

எல்லையில் நடப்பது இதுதான். ஒரு முறை கடக்க இரண்டு முறை இறங்கி ஏற வேண்டும். வெளியேறும் நாட்டின் சோதனையில் பெரிய பெட்டிகள் பஸ்ஸிலேயே இருக்கட்டும், பாஸ்போர்ட்டும் கைப்பையும் போதும். நுழையும் நாட்டின் சோதனையில் எல்லாப் பெட்டியையும் இறக்கி, இமிகிரேஷன் முடிந்ததும் ஸ்கேனரில் விட வேண்டும். இது தனியார் சொகுசுப் பேருந்துக்கான வழக்கம். 170, 950 போன்ற நகரப் பேருந்துகளில் போனால் இரண்டு இடத்திலும் எல்லாமே உங்கள் கையில்தான், ஏனென்றால் இறங்கிய பஸ் உங்களுக்காக நிற்காது. அதே எண்ணில் அடுத்து வருவதில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். சொகுசுப் பேருந்து காத்திருக்கும், ஆனால் இருபது முப்பது நிமிடம்தான். இறங்குமுன் ஓட்டுநரிடம் எத்தனை மணிக்குக் கிளம்புவார், எந்தத் தளத்தில் நிற்பார் என்று கேட்டு, பஸ்ஸின் முன்பக்கத்தை எண் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தில் வரிசையாகப் பத்து பஸ் நிற்கும் இடம் அது.

சிங்கப்பூர்ச் சோதனைச் சாவடிகளான உட்லண்ட்ஸிலும் துவாஸிலும் பலகைகளில் தமிழும் இருக்கும், 'குடிநுழைவு' என்று எழுதியிருக்கும் பக்கம் போங்கள். பெரியவர்கள் தானியங்கி வாயிலில் போகலாம். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தை இயந்திரத்தில் வைத்து, முதல் கதவு திறந்ததும் உள்ளே போய், தரையில் வரைந்திருக்கும் பாதச் சுவடுகளின் மேல் நின்று கேமராவைப் பார்க்க வேண்டும். மூக்குக்கண்ணாடி, தொப்பி இருந்தால் கழற்றிவிடுங்கள். முகமும் கருவிழியும்தான் அங்கே முதலில் பார்ப்பது என்பதால், வீட்டுவேலையில் ரேகை தேய்ந்த மாமியார் கவலைப்பட வேண்டாம். 6 வயது நிறையாத மகனுக்கு அந்த வாயில் கிடையாது; அவனோடு நீங்கள் ஒருவர் அதிகாரி இருக்கும் கவுண்டருக்குப் போங்கள். மாமியாரையும் அங்கேயே கூட்டிக்கொள்ளலாம். முழங்கால் வலி என்று முன்னால் நிற்கும் அதிகாரியிடம் சொன்னால் உதவி வரிசைக்குக் காட்டிவிடுவார். கேட்காமல் யாரும் காட்டமாட்டார்கள். பத்துமலையில் 272 படி ஏறிய மறுநாள்தான் திரும்புகிறீர்கள் என்பதையும் மனதில் வையுங்கள். பாலம் அடைத்து நிற்கும்போது பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே கடப்பவர்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

பஸ் பிடிக்காவிட்டால் ரயிலும் உண்டு. ஜொகூர் பாரு சென்ட்ரலுக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே ஓடும் ஷட்டில் டெப்ராவ், பாலத்தைக் கடக்க ஐந்தே நிமிடம். ஜொகூரிலிருந்து ஏறினால் 5 ரிங்கிட், உட்லண்ட்ஸிலிருந்து ஏறினால் 5 சிங்கப்பூர் டாலர். அதே ரயில், அதே ஐந்து நிமிடம், விலை மட்டும் மூன்று மடங்குக்கு மேல். வார இறுதி டிக்கெட் முன்கூட்டியே தீர்ந்துவிடும். உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச் சாவடியும் உட்லண்ட்ஸ் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையமும் வேறு வேறு இடங்கள், டாக்சியில் ஏறும்போது தெளிவாகச் சொல்லுங்கள். 2026 இறுதியில் புதிய ஆர்டிஎஸ் ரயில் தொடங்கும் என்று திட்டம். அதில் இரண்டு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும்.

பெட்டிக்குள் என்ன வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். சிங்கப்பூரில் சூயிங்கம், மின் சிகரெட், குட்கா, கைனி போன்ற மெல்லும் புகையிலை எல்லாம் தடை. மாமியாருக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதைத் திண்டுக்கல்லிலேயே விட்டுவிடட்டும். குருமாவுக்கு என்று கசகசா பொட்டலம் எடுத்துப் போகாதீர்கள், போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் தடைப் பட்டியலில் அது உண்டு. சிகரெட்டுக்கு வரிச் சலுகையே கிடையாது, ஒன்றிருந்தாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மதுவுக்கும் சலுகை இல்லை. வாங்கிய மற்ற பொருட்களுக்கு, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்தால் 500 சிங்கப்பூர் டாலர் மதிப்பு வரை வரி இல்லை. அதற்குக் குறைந்தால் 100 டாலர்தான். புதன் காலை போய் வெள்ளி மதியம் வந்தால் 48 மணி நேரத்தைத் தாண்டிவிடுவீர்கள்.

மாமியாரின் மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரை இருந்தால், அளவைப் பொறுத்து சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். முழங்கால் வலிக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று சீட்டில் மருந்தின் பெயரை இப்போதே படித்துப் பாருங்கள், புறப்பட இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.