நிறைவுற்ற உப்புநீரில் உப்பு எப்படிக் கரையும்?
குழாயில் உப்புத்தூளைப் போட்டு, நிறைவுற்ற உப்புநீர் ஊற்றி, மேலே எடை வைத்தால் உப்பின் மட்டம் நாளுக்கு நாள் இறங்குகிறது, இனிக் கரையவே முடியாதே என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் சோதனை சரியாகத்தான் நடக்கிறது.

நிறைவு என்பது அழுத்தமில்லாத பரப்புக்கான கணக்கு. இரண்டு உப்பு மணிகள் ஒன்றையொன்று அழுத்தும் இடத்தில் கரைதிறன் சற்றுக் கூடும். அங்கே கரைந்த உப்பு, இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலம் வழியாக நகர்ந்து, பக்கத்துத் துளையின் சுவரில் மறுபடி படிகிறது. மொத்த உப்பு குறைவதில்லை, இடம்தான் மாறுகிறது, மணிகள் நெருங்குகின்றன. இதுதான் அழுத்தக் கரைவு. சுண்ணாம்புக்கல்லில் ரம்பப் பல் போல ஓடும் கருங்கோடுகளும் இப்படி வந்தவைதான், கல் கரைந்து போக மிஞ்சிய களிமண் அது.

சந்தேகம் இருந்தால் இன்னொரு குழாயில் உப்புநீருக்குப் பதில், உப்பு கரையாத மண்ணெண்ணெய் ஊற்றி அதே எடையை வையுங்கள். முதலில் கொஞ்சம் இறங்கும், அப்புறம் ஏறக்குறைய நின்றுவிடும்.

உப்பைக் கட்டாயம் சலித்து ஒரே அளவாக எடுங்கள். இங்கே கரைந்த உப்பு நீர்ப்படலத்தின் வழியே பரவி நகர்வதுதான் வேகத்தை முடிவு செய்கிறது, அதனால் மணியின் அளவு முக்கியம். மணியின் விட்டம் பாதியானால் அமுங்கும் வேகம் சுமார் 8 மடங்காகும். குழாயை மூடியே வையுங்கள், நீர் ஆவியானால் அளவீடு கெட்டுவிடும்.