அமெரிக்கா எந்த நோய்க்கு எவ்வளவு செலவு பண்ணுது – கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

16 வருஷம் மெடிக்கல் கோடிங்ல இருந்தேன், அதாவது அமெரிக்க நோயாளிகளோட சார்ட்டைப் படிச்சு, இன்ஷூரன்ஸ் பில்லுக்காக நோய்க்கு ஒரு கோடு (குறியீட்டு எண்) போடற வேலை. முதல்ல ஈ.டி. (எமர்ஜென்சி) சார்ட், அப்புறம் இன்பேஷண்ட் (அட்மிட் ஆனவங்க). இப்ப க்ளைம் (இன்ஷூரன்ஸ்கிட்ட பணம் கேட்டுப் போற பில்) டேட்டா அனாலிசிஸ். நம்ம சென்னையில உக்காந்து நைட் ஷிஃப்ட்ல போடற கோடு எல்லாம் கடைசியில அந்த நாட்டோட நோய்ச் செலவு கணக்குல போய் நிக்குது, ஆனா அந்த கணக்கு எப்படி வருதுன்னு நம்மள்ல நிறைய பேருக்கு யாரும் சொல்லித் தரல, அதுக்காகத்தான் இது. ஒரு வேண்டுகோள் மட்டும். நம்பர் சொன்னா எந்த வருஷம், யாரோட கணக்குன்னு சேர்த்து சொல்லுங்க.

கேள்வி (திருச்சி கோடர்): அக்கா, அமெரிக்காவுல எந்த நோய்க்கு அதிகமா செலவாகுது? ஹார்ட்டா, கேன்சரா?

ரெண்டும் இல்லப்பா. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல இருக்கற ஐ.ஹெச்.எம்.இ.ங்கற சுகாதார ஆய்வுக் குழு 2020ல ஜாமா மருத்துவ இதழ்ல ஒரு கணக்கு போட்டாங்க, 154 நோய்களா பிரிச்சு, 1996ல இருந்து 2016 வரைக்கும். அதுல 2016க்கு முதல் இடம் இடுப்பு வலியும் கழுத்து வலியும் சேர்ந்த வரிக்கு, 13,450 கோடி டாலர். அடுத்தது மூட்டு தசை சம்பந்தப்பட்ட மத்த பிரச்சனைகள், 12,980 கோடி. மூணாவதுதான் சுகர், 11,120 கோடி. அந்த 20 வருஷத்துல மொத்த மருத்துவச் செலவு சுமார் 1.4 லட்சம் கோடி டாலர்ல இருந்து 3.1 லட்சம் கோடிக்கு ஏறியிருக்கு.

இடுப்பு வலி, கழுத்து வலி யாரையும் கொல்லாது, அதனாலதான் நமக்கு நம்ப முடியல. ஆனா வேலைக்கு போற வயசுல கோடிக்கணக்கான பேருக்கு வருது, போகுது, திரும்ப வருது, ஒவ்வொரு தடவையும் ஒரு விசிட், ஒரு எம்.ஆர்.ஐ., பிசியோ, ஊசி, சிலருக்கு ஃப்யூஷன் (முதுகெலும்பு எலும்புகளை இணைக்கற) ஆபரேஷன். அதுல பாதிக்கு மேல கட்டினது தனியார் இன்ஷூரன்ஸ். மரண எண்ணிக்கையை வச்சு செலவை ஊகிக்கக் கூடாது, ரெண்டும் வேற வேற பட்டியல்.

கேள்வி (சேலம்): அப்போ கேன்சர் எங்க போச்சு? அதுக்குத்தானே லட்சக்கணக்குல செலவாகுது?

நல்ல கேள்வி. இதே குழு 2016ல வெளியிட்ட முந்தின ஸ்டடி இருக்கு, அது 2013ம் வருஷ கணக்கு. அதுல கேன்சரை 29 தனித்தனி வரியா பிரிச்சிருந்தாங்க, மார்பு தனி, பெருங்குடல் தனி, நுரையீரல் தனின்னு. அதனால ஒண்ணு கூட முதல் 20க்குள்ள வரல. எல்லாத்தையும் ஒரே வரியா கூட்டினா மேல வந்துடும். அதே பட்டியல்ல இடுப்பும் கழுத்தும் ஒரே வரி, பிரிச்சிருந்தா அதுவும் இறங்கியிருக்கும். பட்டியல்ல முதல் இடம் யாருக்குங்கறது நோயை எங்க வெட்டறோம்ங்கறதைப் பொறுத்தது.

கேள்வி (வேலூர்): கோடிங் கோர்ஸ் ஃபீஸ் எவ்வளவு, ஃப்ரெஷருக்கு வேலை கிடைக்குமா?

இந்த இடம் அதுக்கு இல்லம்மா. வேலையில இருக்கற ரெண்டு மூணு சீனியர்கிட்ட நேர்ல கேளு, பணம் கட்டறதுக்கு முன்னாடி.

கேள்வி (நைட் ஷிஃப்ட் தம்பி): நாம முதல் வரியில போடற டயக்னோசிஸ் மேலதான் மொத்த பணமும் ஏறுமா அக்கா?

இதுக்கு கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா விஷயமே இதுதான். ஒருத்தர் நிமோனியா (நுரையீரல் தொற்று) வந்து அது செப்சிஸ் (தொற்றால உடம்பு முழுக்க பாதிப்பு) ஆகி அட்மிட் ஆறார்னு வை. கைட்லைன் படி முதல்ல செப்சிஸ், ஏ41.9, அப்புறம் நிமோனியா, ஜே18.9. முதல் டயக்னோசிஸை மட்டும் பார்த்து கணக்கு போடறவங்களுக்கு அந்த மொத்த பில்லும் செப்சிஸ் செலவு. நுரையீரல் வரிக்கு ஒரு டாலர் கூட போகாது. இன்னொண்ணு, பி.பி.யும் ஹார்ட் ஃபெயிலியரும் சேர்ந்து இருந்தா ஐ11.0 முதல்ல, ஐ50 அதுக்கு அடுத்து, அப்போ ஹார்ட் ஃபெயிலியருக்கு பண்ண செலவு பி.பி. பேர்ல நிக்குது. நோயாளி உடம்புல எது முதல்ல வந்துச்சு, எது உயிரை வாங்க வந்துச்சுங்கறதை இந்த வரிசை சொல்லாது. பில்லிங் விதிக்காக ஏற்பட்ட வரிசை இது.

ஐ.ஹெச்.எம்.இ. ஆட்கள் இதை அப்படியே விடல, கூட இருக்கற நோய்களுக்கும் பங்கு பிரிக்க ஒரு சரிக்கட்டல் பண்றாங்க, 2013 ஸ்டடிக்கு மட்டும் 183 டேட்டா சோர்ஸ் எடுத்தாங்க. இருந்தாலும் அடியில இருக்கறது நாம போட்ட கோடுதான். 2021 அக்டோபர் 1ல எம்54.5ங்கற இடுப்பு வலி கோடை எடுத்துட்டு மூணா பிரிச்சாங்க ஞாபகம் இருக்கா, அந்த மாசம் பழைய கோடோட போன க்ளைமை இன்ஷூரன்ஸ் ஏத்துக்காம திருப்பி அனுப்பினதை நானே பார்த்தேன். நோய்க் கோடு பட்டியலே ஐசிடி-9ல இருந்து ஐசிடி-10க்கு மாறினது 2015 அக்டோபர்ல. ஒரு நோயோட செலவு திடீர்னு ஏறினா இறங்கினா முதல்ல கோடு மாறிச்சான்னு பாருங்க, நோய் மாறிச்சான்னு அப்புறம் பார்க்கலாம். டார்கெட் அவசரத்துல "அன்ஸ்பெசிஃபைட்" (விவரம் குறிப்பிடாத) கோடு போட்டுட்டு அடுத்த சார்ட்டுக்கு போறவங்க இதை யோசிக்கணும்னு மனசார கேட்டுக்கறேன்.

கேள்வி (மதுரை): இந்தியாவுல எந்த நோய்க்கு அதிக செலவு?

நம்ம தேசிய சுகாதாரக் கணக்கு அறிக்கை பணம் யார் போட்டது, எங்க போச்சு, எந்த வகை சேவைக்குன்னு பிரிக்குது, நோய்வாரியா டேபிள் போடறதில்ல. மொத்தத்துல மக்கள் கைக்காசு 2021-22ல 39.4 சதவீதம். மருந்துக் கடையில கைக்காசு கொடுத்து வாங்கற மாத்திரைக்கு கோடும் இல்ல, க்ளைமும் இல்ல, பின்ன நோய்வாரியா எப்படி பிரிப்பாங்க.

கேள்வி (ஓ.எம்.ஆர். கார்த்தி): சுகர் வெறும் 11,120 கோடியா? அமெரிக்க டயபடிஸ் சங்கம் 41,290 கோடி டாலர்னு சொல்லியிருக்காங்களே. உங்க நம்பர் தப்பு.

அந்த 41,290 கோடி 2022க்கு, என் நம்பர் 2016க்கு. வருஷம், யார் கணக்கு, இதைத்தான் முதல்லயே கேட்டேன். அதுல நேரடி மருத்துவச் செலவு 30,660 கோடி, மீதி வேலைக்கு போகாதது, சீக்கிரம் இறந்துபோனதுன்னு இழந்த வருமானம். ஆஸ்பத்திரி பில்லோட அதை ஒப்பிடக் கூடாது.

கார்த்தி: சரி 30,660ன்னே வைங்க, அப்பவும் உங்களதை மாதிரி மூணு மடங்கு கிட்ட வருதே? 6 வருஷத்துல அவ்வளவா ஏறும்?

ஏறாது. எண்ணற விதம் வேற. சங்கம், சுகர் இருக்கறதால கூடுதலா வர்ற ஹார்ட் செலவு, கிட்னி செலவையும் சுகர் தலையில எழுதுது. ஐ.ஹெச்.எம்.இ. பட்டியல்ல மாரடைப்பு மாதிரி ஹார்ட் நோய்க்கு தனி வரி இருக்கு, அந்த பில் அங்க போயிடும். வீட்டுக் கணக்கு நோட்டை நினைச்சுப் பாருங்க, தீபாவளிக்கு வாங்கின எண்ணெயை மளிகையில எழுதலாம், தீபாவளிச் செலவுன்னும் எழுதலாம், ரெண்டும் சரிதான், ஆனா ரெண்டுலயும் எழுதி கூட்டினா மாசச் சம்பளத்தை தாண்டிடும்.

கேள்வி (நாகர்கோவில் மேடம்): ஆனா அமெரிக்க மருத்துவச் செலவுல 4 டாலருக்கு 1 டாலர் சுகருக்கு போகுதுன்னு எங்க டாக்டரே மீட்டிங்ல சொன்னாரே.

சுகர் இருக்கற ஆட்களுக்கு போகுது மேடம், சுகருக்கு இல்ல. அந்த 4ல 1ங்கறதுல சுகர் பேஷண்ட் பைக்ல இருந்து விழுந்து கால் ஒடிஞ்சதும் இருக்கு, கண்ணாடி மாத்தினதும் இருக்கு. அதுல 61 சதவீதம்தான் சுகரால வந்ததுன்னு அதே சங்கத்தோட அறிக்கையே சொல்லுது.

கார்த்தி: சுகர் இல்லாம ஹார்ட் போயிருக்குமா அக்கா? அப்போ சங்கத்தோட கணக்குதானே நியாயம்? எங்க அப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு.

அப்பாவைப் பத்தி கேட்டு வருத்தமா இருக்கு தம்பி. நீங்க கேக்கறது நியாயமான வாதம்தான், சுகரை முன்னாடியே பிடிச்சா எவ்வளவு மிச்சம்னு கேட்டா சங்கத்தோட கணக்குதான் உதவும். போன வருஷம் பணம் எங்க போச்சு, எல்லா நோயும் சேர்ந்து மொத்தத்துக்கு சரியா வரணும்னு கேட்டா ஐ.ஹெச்.எம்.இ. கணக்குதான் உதவும். ஆனா இதே நியாயத்தை எல்லாரும் எடுத்துக்கிட்டா? பி.பி. ஆட்கள் அதே ஹார்ட் பில்லை எங்களதுன்னு சொல்வாங்க, சிகரெட் எதிர்ப்பு ஆட்களும் சொல்வாங்க, உடல் பருமன் ஆட்களும் சொல்வாங்க, ஒரே பில் நாலு இடத்துல. டோரதி ரைஸ்ங்கற அமெரிக்க சுகாதாரப் புள்ளியியல் அறிஞர் 1966ல நோயின் செலவை எப்படி எண்ணறதுன்னு முறை வகுத்தாங்க, மருத்துவச் செலவு தனி, இழந்த வருமானம் தனின்னு அப்பவே பிரிச்சு வச்சாங்க. ஒரு நோய்க்காக வேலை செய்யறவங்க அந்த நோயோட நம்பரை பெருசா காட்டறது தப்புன்னு நான் சொல்லல, அவங்க நம்பர்களை ஒண்ணோட ஒண்ணு கூட்டாதீங்கன்னுதான் சொல்றேன்.

கேள்வி (ஈரோடு): எந்த நோய்க்கு அதிக செலவுன்னு சொல்லவே இல்லையே?

முதல் பதில்.

கேள்வி (ஓசூர்): இந்தியா லிஸ்ட் போடுங்க.

மேல மதுரைக்காரருக்கு சொல்லியிருக்கேன்.

கேள்வி (புதுச்சேரி நர்ஸ்): மனநோய்க்குத்தான் முதலிடம்னு படிச்சேன். அது பொய்யா அக்கா?

பொய் இல்லம்மா. சார்லஸ் ரோரிக்ங்கற சுகாதாரப் பொருளாதார ஆய்வாளர் 2016ல வெளியிட்டது, 2013க்கு மனநோய் 20,100 கோடி டாலர், ஹார்ட் 14,700 கோடி. அவர் நர்சிங் ஹோம், மனநல விடுதி மாதிரி இடங்கள்ல தங்கியிருக்கறவங்களையும் சேர்த்தார், மனநோயை முழுசா ஒரே வரியா வச்சார். அதே 2013க்கு ஐ.ஹெச்.எம்.இ.யோட முதல் இடம் சுகர், 10,140 கோடி, அதுல பாதிக்கு மேல மருந்துக்கே. டிப்ரஷன் மட்டும் தனியா 7,110 கோடி. விடுதியில கிடக்கறவங்களை எண்ணாம விட்டா அந்த நோய் சின்னதா தெரியும், நீங்க நர்ஸ், அந்த வார்டு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

கேள்வி (தஞ்சாவூர்): டயாலிசிஸ் அங்க எல்லாருக்கும் அரசாங்கமே கட்டுதாமே?

கிட்டத்தட்ட. 1972ல சட்டம் போட்டு அடுத்த வருஷத்துல இருந்து, 65 வயசு ஆகலன்னாலும் கிட்னி ஃபெயிலியர்னா மெடிகேர் (முதியவங்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) கிடைக்கும், வேலை பார்த்து வரி கட்டின பதிவு போதும். பல வருஷமா மெடிகேர் ஆட்கள்ல 1 சதவீதத்தை ஒட்டி இருக்கற இவங்களுக்கு மெடிகேர் செலவுல 7 சதவீதம் கிட்ட போயிருக்கு. ஒரு உறுப்பு பேரைச் சொல்லி தேசிய இன்ஷூரன்ஸ் கொடுத்தது அங்க அபூர்வம். கல்லீரலுக்கு அப்படி இல்ல. ஹெபடைடிஸ்-சிங்கற கல்லீரல் வைரஸ் நோய்க்கு சோவால்டிங்கற மருந்து 2013 டிசம்பர்ல வந்தப்போ ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000. நோயை குணமாக்கற மருந்து அது. வந்த வருஷத்துல நோய்ச் செலவு ஏறித்தான் தெரியும், அதை மட்டும் பார்த்து மருந்து வேண்டாம்னு சொல்லிடக் கூடாது.

கேள்வி (கரூர்): எங்க அம்மாவுக்கு இடுப்பு வலி, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

எனக்கு கோடு தெரியும், வைத்தியம் தெரியாது. டாக்டரைப் பாருங்க. கால் மரத்துப் போனாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ இன்னைக்கே கூட்டிட்டு போங்க.

கார்த்தி: அக்கா, எங்க டீம் ப்ரெசன்டேஷன்ல 41,290ஐயும் 13,450ஐயும் ஒரே சார்ட்ல போட்டிருந்தேன். எடுத்துடவா?

ஒரே சார்ட்ல இருந்து எடுத்துடு தம்பி. ரெண்டு ஸ்லைடா போடு, ஒவ்வொண்ணு கீழயும் வருஷமும் யார் கணக்குன்னும் எழுது. அப்பாவுக்கு என்ன ஆச்சோ அதைச் சொல்ல சங்கத்தோட நம்பர் இருக்கற ஸ்லைடை வச்சுக்கோ.